கறுத்துக் கெட்டிப்பட்ட வேர்கள்: கோத்தகிரியில் ஒரு பல்வேர்ச் சொத்தை நிகழ்வு ஆய்வு

மார்கழி மாதக் காலை. புல்லின் மேல் விழுந்த உறைபனி இன்னும் கரையவில்லை. கம்பளிக் குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்க்கோடு அந்த அம்மா வந்து உட்கார்ந்தார். வயது 64. இலங்கை மலையகத்தில் பிறந்தவர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பம். நாற்பது வருஷம் கொழுந்து பறித்திருக்கிறார். இப்போதும் ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் கூலிக்குப் போகிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"பச்சைத் தண்ணி பட்டா மண்டை வரைக்கும் சுண்டுது டாக்டரம்மா. சோறு தின்னா பல்லு ஓரத்துல போய் உக்காந்துக்குது" என்றார். இடது பக்கம்தான் ரொம்பத் தொல்லை. வேறோர் இடத்தில் காட்டியபோது, மிச்சம் இருக்கிற பல்லையெல்லாம் எடுத்துவிட்டு முழு செட்டு கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மனசு வராமல்தான் என்னிடம் வந்திருந்தார். அவர் வாயில் 19 பற்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அன்று எடுக்க வேண்டிய நிலையில் இல்லை.

பேச்சுக் கொடுத்ததில் இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. ஒன்றரை வருஷத்துக்கு முன் அவருக்கு விலாப் பக்கம் அக்கி வந்திருக்கிறது. புண் ஆறியும் எரிச்சல் வலி போகவில்லை. அதற்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின் மாத்திரை. அதிலிருந்து வாய் காய்ந்துபோகிறது. "எச்சியே ஊறல. ராத்திரி முழிச்சா நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது." நரம்பு வலிக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு "சுர" என்று போகும் நரம்புச் சேதியையும் அது வழியில் மறித்துவிடும்.

இரண்டாவது விஷயத்தை நான் கிட்டத்தட்டத் தவறவிட்டிருப்பேன். இனிப்பு நிறையச் சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பிளாஸ்க்கில் என்ன என்று கேட்டேன். "வெறுந்தேத்தண்ணி. சீனி போடறதே இல்ல." சரி என்று குறிப்பெழுதப் போனவள், ஏதோ தோன்றி, அப்படியே கசப்பாகவா குடிப்பீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சுருக்குப் பையைத் திறந்தார். உள்ளே காகிதத்தில் மடித்த வெல்லத் துண்டுகள். "கடிச்சுக்குவேன்." மலையகத்து வழக்கம் அது. ஒரு வாய் வெறும் தேநீர், கூடவே ஒரு கடி வெல்லம் அல்லது கருப்பட்டி. முன்பெல்லாம் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். வாய் காய ஆரம்பித்த பிறகு வெல்லத்தை இடது கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் கொஞ்சம் எச்சில் ஊறுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது துண்டு.

அன்றிலிருந்து நான் யாரிடமும் "இனிப்பு சாப்பிடுவீர்களா" என்று கேட்பதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போகிறது என்று வரிசையாகச் சொல்லச் சொல்கிறேன்.

வாய்க்குள் கண்டது

ஈறு பல இடங்களில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இறங்கி வேர் வெளியே தெரிந்தது. வருஷக் கணக்காக விரலால் பல்பொடி போட்டுத் தேய்த்ததில் சில பற்களின் கழுத்தில் வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது. கீழ் வலப்பக்கம், விழுந்துபோன இரண்டு கடைவாய்ப் பற்களுக்காகக் கம்பி போட்ட பிளாஸ்டிக் செட்டு ஒன்று மாட்டியிருந்தார்.

வேர்ச் சொத்தை ஏழு இடங்களில். கீழ் இடப்பக்கம் கோரைப்பல், அதை அடுத்த இரண்டு முன்கடைவாய்ப் பற்கள், கடைவாய்ப்பல் ஒன்று. கீழ் வலப்பக்கம் முன்கடைவாய்ப்பல் ஒன்று. மேலே இடது கோரைப்பல், வலது பக்கவெட்டுப்பல்.

வேர்ச் சொத்தையைக் கண்ணால் பார்த்து எடைபோடுவது ஏமாற்றும். கையால்தான் அறிய வேண்டும். அதற்கு முனையில் அரை மில்லிமீட்டர் குண்டு வைத்த ஆய்வுக் கம்பியைப் பயன்படுத்துகிறேன். கூர்முனைக் கம்பியைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தை விட்டு வெகுநாளாயிற்று. மீண்டும் கெட்டிப்படக்கூடிய மேற்பரப்பை அது கிழித்துவிடும். குண்டுமுனையை வேரின் மேல் லேசாக இழுத்தால் மூன்று விதமான உணர்வு கிடைக்கும். நல்ல வேரில் கண்ணாடியின் மேல் இழுப்பதுபோல் சறுக்கும். பாதி கெட்ட வேரில் செருப்புத் தோலின் மேல் இழுப்பதுபோல் ஒரு பிடிப்பு இருக்கும். முழுக்கக் கெட்ட இடத்தில் மெழுகில் அமிழ்வதுபோல் அமிழும். இந்த அம்மாவுக்குக் கீழ் இடப்பக்கத்து நான்கிலும் முனை அமிழ்ந்தது. இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லில் ஒரு மில்லிமீட்டர் குழியே விழுந்திருந்தது. கடைவாய்ப் பல்லில் அதைவிட ஆழம், ஈறுக்குக் கீழேயும் போயிருந்தது. மற்ற மூன்றும் தோல் பதம். நிறமோ வெளிர் மஞ்சளும் பழுப்பும். கறுப்பு எங்கேயும் இல்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உமிழ்நீரையும் அளந்தேன். தலையைக் கவிழ்த்து உட்காரவைத்து, எதையும் விழுங்காமல் அளவுக் குவளையில் ஐந்து நிமிடம் வடியவிடச் சொல்வதுதான் சோதனை. பைசா செலவில்லை. அரை மில்லிலிட்டர் சேர்ந்தது. அதாவது நிமிடத்துக்கு 0.1 மி.லி. சாதாரணமாக 0.3 வாக்கில் இருக்க வேண்டும். 0.1க்குக் கீழே போனால் சுரப்பே குறைந்துவிட்டது என்று கொள்கிறோம். அவர் சரியாக அந்த வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

வேர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது

பல்லின் தலைப்பகுதியை மூடியிருக்கும் எனாமல், எடையில் 96 சதவீதம் தாது. வேருக்கு அந்தக் கவசம் கிடையாது. அதன் மேல் சிமெண்டம் என்ற மெல்லிய பூச்சு மட்டும்தான். பல்லின் கழுத்தருகே அது சில பத்து மைக்ரான் கனம், காகிதத்தைவிட மெல்லியது. பல்பொடி தேய்த்துத் தேய்த்து அது போய்விட்டால் அடுத்து நேராக டென்டின், அதாவது பல்லின் உள் உடம்பு. டென்டினில் எடைக்கு 70 சதவீதம் போலத் தாது, 20 சதவீதம் கொலாஜன் முதலான கரிமப் பொருள், மீதி நீர்.

எனாமல் கரையத் தொடங்கப் பி.எச். (அமிலத்தின் அளவுகோல், எண் இறங்க இறங்க அமிலம் கூடும்) 5.5 வரை இறங்க வேண்டும். வேருக்கு 6.2க்கும் 6.7க்கும் இடையிலேயே கரைப்பு தொடங்கிவிடும். சர்க்கரை வாயில் பட்டால் பல்லில் படிந்த கிருமிப் படலத்தில் சில நிமிடங்களில் அமிலம் ஏறும். நல்ல உமிழ்நீர் உள்ளவருக்கே அது பழைய நிலைக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வாய் காய்ந்தவருக்கு இன்னும் கூடுதல். இந்த அம்மா அதற்குள் அடுத்த வெல்லத் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் விழித்திருந்த நேரம் முழுவதும் இடது கன்னத்து வேர்கள் அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்தன என்றே சொல்லலாம்.

வேரில் நடப்பது இரண்டு கட்டம். முதலில் அமிலம் தாதுவைக் கரைத்து எடுக்கிறது. அப்போது உள்ளே வலைபோல இருக்கும் கொலாஜன் நார்கள் வெறுமையாக வெளியே வருகின்றன. அப்புறம் நொதிகள் வந்து அந்த நார்களை அறுக்கின்றன. இந்த நொதிகளில் பல, டென்டினுக்குள்ளேயும் உமிழ்நீரிலும் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பவை. அமிலம் அவற்றை எழுப்பிவிடுகிறது.

எங்கள் மலையில் இதைப் புரியவைப்பது எளிது. மழையில் சரிவின் மண் கொஞ்சம் கரைந்தாலும் புல்லின் வேர்வலை பிடித்து நின்றால், அடுத்து வரும் மண் அதிலேயே தங்கும். வேர்வலை அறுந்துவிட்டால் சரிவு முழுதும் இறங்கிவிடும். பல்வேரிலும் அப்படியே. கொலாஜன் வலையும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத் தாதுப் படிகங்களும் இருக்கும்வரை தாதுவைத் திரும்பச் சேர்க்க முடியும். புதுத் தாது பெரும்பாலும் பழைய படிகத்தின் மேல்தான் வளர்கிறது. வலையே போன இடத்தில் எதைப் பூசினாலும் பள்ளம் பள்ளம்தான். அங்கே அடைப்புதான் வழி.

தாது எங்கிருந்து வரும்? உமிழ்நீரிலிருந்துதான். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் தேவைக்கு மேலாகவே கரைந்திருக்கின்றன. கண்ட இடத்தில் கட்டிதட்டாமல் ஸ்டாதெரின் போன்ற புரதங்கள் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். சுரப்பு கூடக்கூட பைகார்பனேட்டும் கூடி அமிலத்தைத் தணிக்கும். அங்கே கொஞ்சம் ஃபுளோரைடும் இருந்தால், திரும்பப் படியும் தாது முன்பைவிடக் கரைவதற்குக் கடினமானதாக அமையும். எனாமலைக் காக்கப் போதுமான ஃபுளோரைடு அளவு வேருக்குப் போதாது. இதைப் பல மருத்துவர்களே கணக்கில் எடுப்பதில்லை.

தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும், முற்றிய இலையில் கூடுதலாக. ஆகவே இந்த அம்மா நாள் முழுக்கக் குடித்த வெறுந்தேநீர் பல்லுக்கு நல்லதே செய்திருக்க வேண்டும். கூடக் கடித்த வெல்லம்தான் அதைக் கெடுத்தது.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

பத்து வருஷத்துக்கு முன் என்றால் ஏழையும் குடைந்து அடைத்திருப்பேன். அப்படி நான் அடைத்த வேர்ச் சொத்தைகள் பல, ஒன்றிரண்டு வருஷத்தில் விளிம்பில் மறுபடி மெத்தென்று ஆகித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். காய்ந்த வாயில் அடைப்பின் விளிம்புதான் புதுச் சொத்தையின் வாசல்.

வேர்ச் சொத்தை கெட்டிப்படும் என்பது புதுச் செய்தியும் அல்ல. டென்மார்க்கில் நைவாட், ஃபெயர்ஸ்கோவ் இருவரும் 1986இலேயே, ஃபுளோரைடு பற்பசையால் ஒழுங்காகத் துலக்கியே மெத்தென்ற வேர்ச் சொத்தைகள் சில மாதங்களில் கெட்டியாகி அடங்குவதை எழுதினார்கள். 2001இல் வந்த ஓர் ஆய்வில் 201 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 1100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1100 பங்கு) ஃபுளோரைடு பற்பசையும் மறுபாதிக்கு 5000 பிபிஎம் பற்பசையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஒரு சொத்தையாவது கெட்டிப்பட்டவர்கள் முதல் குழுவில் 29 சதவீதம், இரண்டாவதில் 57 சதவீதம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வேர்ச் சொத்தைக்கு 5000 பிபிஎம் பற்பசையைத்தான் முன்னால் வைக்கிறது. எங்கள் கடைவீதியில் அது கிடைக்கவில்லை. இங்கே சாதாரணமாக விற்கும் பற்பசையில் 1000 பிபிஎம் வரைதான். அதனால் குறைவதை, அவரை நாற்காலியில் உட்காரவைத்து நானே மருந்து பூசி ஈடுகட்ட வேண்டியிருந்தது.

என் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று, பூசினால் பல்லில் ஒட்டி நிற்கும் 5 சதவீதம் சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ், 22,600 பிபிஎம். இன்னொன்று 38 சதவீதம் சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு, 44,800 பிபிஎம். இரண்டாவதை நாங்கள் சுருக்கமாக எஸ்.டி.எஃப். என்போம். ஜப்பானில் 1970 வாக்கிலேயே புழக்கத்துக்கு வந்த மருந்து. அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்கிறது, கொலாஜனை அறுக்கும் நொதிகளையும் முடக்குகிறது. ஃபுளோரைடு தாதுவைத் திரும்பப் பிடிக்க உதவுகிறது. வலையைக் காப்பதும் மண்ணைச் சேர்ப்பதும் ஒரே சொட்டில் நடக்கிறது. 2010இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லங்களில் இருந்தவர்களுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை இதைப் பூசினார்கள். மூன்று வருஷத்தில் ஆளுக்குச் சராசரி 0.7 புது வேர்ச் சொத்தை. துலக்கச் சொல்லிக்கொடுத்ததோடு விட்ட குழுவில் அது 2.5.

ஆனால் பூசிய சொத்தை கன்னங்கரேல் என்று கறுத்துவிடும். போகாது. ஆகவே பூசும் முன்பே, இதே மருந்து பூசிக் கறுத்த பற்களின் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கீழ கறுத்தா யாரு பாக்கப் போறாங்க. மேல வேண்டாம் டாக்டரம்மா, பேத்தி சிரிப்பா" என்றார். நியாயமான பேச்சு. அதுவே எங்கள் திட்டமும் ஆயிற்று. கீழே கோரைப்பல்லுக்கும் மூன்று முன்கடைவாய்ப் பற்களுக்கும் எஸ்.டி.எஃப். மேலே இரண்டுக்கும் வார்னிஷ், அதோடு ராத்திரியில் பால்புரதத்திலிருந்து எடுத்த கால்சியம் பாஸ்பேட் பசை. பால் அலர்ஜி இல்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகுதான் அதைக் கொடுத்தேன். ஈறுக்குக் கீழே போயிருந்த கடைவாய்ப் பல்லில் கெட்டதை மட்டும் சுரண்டி எடுத்துக் கண்ணாடி அயனோமர் அடைப்பு. அது பல்லின் கால்சியத்தோடு தானாகப் பிணைந்துகொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடும் விடும்.

மருந்தை மாற்றச் சொல்வது என் வேலை இல்லை. அவருக்கு அமிட்ரிப்டிலின் எழுதிய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதி, உமிழ்நீர் அளவையும் ஏழு சொத்தைகளையும் குறிப்பிட்டேன். அந்த மருத்துவர் படிப்படியாக அளவைக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார். இந்த நிகழ்வில் மிக அதிகப் பலன் தந்தது எது என்று என்னைக் கேட்டால் அந்த ஒரு பக்கக் கடிதத்தைத்தான் சொல்வேன்.

பூசிய நாள்

முதலில் படலத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தேன். உதட்டிலும் ஈறிலும் வாசலின். மருந்து தோலில் பட்டால் சில நாளைக்குக் கறை நிற்கும். பஞ்சுருளை வைத்து எச்சிலைத் தடுப்பது வழக்கமாகப் பெரிய பாடு. இவருக்கு அது தேவையே படவில்லை, வாய் அவ்வளவு காய்ந்திருந்தது. வேர் உலர்ந்ததும் மங்கிய சுண்ணாம்புபோலத் தெரிந்தது. ஒரு சொட்டை எடுத்துச் சின்னத் தூரிகையால் நான்கு வேரிலும் தடவி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றினேன். வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்றார். அவ்வளவுதான். ஊசி இல்லை, குடையும் சத்தம் இல்லை.

பிறகு அரை மணி நேரம் துலக்கிக் காட்டுவதற்கே போயிற்று. பல்பொடியை நிறுத்தி, மென்மையான பிரஷ்ஷும் ஃபுளோரைடு பற்பசையும். காலை, ராத்திரி இரண்டு வேளை. துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கக் கூடாது. இதைத்தான் அவரால் ஏற்கவே முடியவில்லை. "கொப்பளிக்காட்டி எப்படிம்மா வாய் சுத்தமாகும்?" மருந்து பல்லிலேயே தங்கட்டும், மீறிப்போனால் ஒரே ஒரு மடக்கு தண்ணீர் என்று பேரம் பேசி முடித்தோம். வெல்லத்தையும் முழுக்க விடச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு தரம். நடுவில் வாய் காய்ந்தால் தண்ணீரோ வெறுந்தேநீரோ குடிக்கலாம், இல்லையென்றால் சைலிட்டால் என்ற, சொத்தை உண்டாக்காத இனிப்பு போட்ட சூயிங்கம் மெல்லலாம். மெல்லுவதே சுரப்பைத் தூண்டும்.

தொடர்ந்து வந்த மாதங்கள்

மூன்றாம் வாரம் வந்தபோது முகம் வாடியிருந்தது. படத்தில் பார்த்தது வேறு, தன் வாயில் பார்ப்பது வேறு. "கறுத்துப் போச்சே, சொத்தை கூடிருச்சா?" கையில் கண்ணாடியைக் கொடுத்துக் குண்டுமுனையைக் கோரைப்பல்லின் மேல் வைத்தேன். முன்பு அமிழ்ந்த இடம் இப்போது தோல் பதத்துக்கு வந்திருந்தது. பக்கத்தில் ஒரு நல்ல பல்லின் மேலும் அதே முனையை இழுத்துக் காட்டி, இரண்டின் சத்தத்தையும் கேட்கச் சொன்னேன். மஞ்சளாக மெத்தென்று இருக்கிற சொத்தைதான் வளர்கிற சொத்தை, கறுத்துக் கெட்டியாக இருப்பது அடங்கின சொத்தை. கறுப்பு பயம், மஞ்சள் பரவாயில்லை என்று நம் கண் பழகியிருக்கிறது. அதை மாற்ற மருந்து பூசிய நேரத்தைவிட அதிக நேரம் ஆனது.

மூன்றாம் மாதம்: கோரைப்பல்லும் முதல் முன்கடைவாய்ப் பல்லும் கெட்டி. குண்டுமுனை சறுக்கியது, கறுப்பில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. குழி விழுந்த இரண்டாம் முன்கடைவாய்ப்பல் இன்னும் தோல் பதம். அதற்கு மறுபடி பூசினேன். மேல் பற்களுக்கு வார்னிஷ்.

ஆறாம் மாதம்: அந்தக் குழிப் பல்லும் கெட்டியாகிவிட்டது. குழி குழியாகவே இருந்தது, ஆனால் அதன் தரை கல். மேல் இடது கோரைப்பல் தேன் நிறத்தில் வழவழவென்று அடங்கியிருந்தது. வலது பக்கவெட்டுப்பல்லில் முன்னேற்றம் இல்லை, தோல் பதத்திலேயே நின்றது. பசையை அங்கே ஒழுங்காகத் தடவ அவர் கை வரவில்லை என்பது தடவிக் காட்டச் சொன்னபோது தெரிந்தது. உமிழ்நீர் நிமிடத்துக்கு 0.25 மி.லி. ஆகியிருந்தது. பச்சைத் தண்ணீர்க் கூச்சம் போய்விட்டது.

கீழ் வலது முன்கடைவாய்ப்பல் மட்டும் மெழுகுபோல் மோசமாகியிருந்தது. எஸ்.டி.எஃப். பூசியும் இப்படி. காரணம் என் கண் முன்னாலேயே இருந்தது. செட்டின் கம்பி அந்த வேரைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ராத்திரியும் அதைக் கழற்றாமல் தூங்கியிருக்கிறார். கம்பிக்கு அடியில் படலம் அப்படியே உட்கார்ந்திருக்க, பிரஷ்ஷும் உமிழ்நீரும் எட்டவே இல்லை. முதல் நாளே செட்டைக் கழற்றிக் கம்பி எங்கே படுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது என் தவறு. அந்தப் பல் ஆறு மாதத்தில் இழந்ததைத் திரும்பக் கொடுக்க முடியாது. கெட்டதை எடுத்து அயனோமரால் அடைத்து, கம்பி ஈறோரத்தை விட்டு விலகி நிற்குமாறு செட்டை மாற்றிக் கட்டினோம். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கச் சொன்னேன்.

இதில் எவ்வளவு தாது திரும்பியது என்று என்னால் சொல்ல முடியாது. அதை அளக்க ஆய்வகத்தில் பல்லை மெல்லிய சீவலாக அறுத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாயில் இருக்கும் பல்லுக்கு அது நடக்காது. என்னிடம் உள்ள அளவுகோல் கை உணர்வும் பளபளப்பும்தான். கெட்டிப்பட்ட வேர் என்பது பழைய வேரும் இல்லை. மேலே தாது செறிந்த ஒரு படலம், அதன் அடியில் ஓரளவு குறைவாகவே நிரம்பிய பகுதி. கிருமிப் படலம் சேராமல், உமிழ்நீர் பட்டுக்கொண்டு இருக்கும்வரை அந்தத் தாது மேல்படலம் நிற்கும். வெல்லம் பழையபடி கன்னத்துக்குப் போனால் அதுவும் இளகும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் குண்டுமுனையை இழுத்துப் பார்க்கிறேன்.

பன்னிரண்டாம் மாதம் பக்கவெட்டுப்பல்லும் ஒருவழியாகக் கெட்டியானது. பேத்தியைக் கூட்டிவரச் சொல்லி, பசையை எங்கே எப்படித் தடவுவது என்று அவளுக்குக் காட்டியதில் வந்த பலன் அது. இரண்டு அடைப்புகளும் விளிம்பு கெடாமல் இருந்தன. புதுச் சொத்தை எதுவும் இல்லை. 19 பற்களும் அப்படியே.

அதற்கு அடுத்த மாதம் தேதி இல்லாத நாளில் வந்தார். அதே பேத்திக்கு வைகாசியில் கல்யாணம். கீழ்க் கோரைப்பல் சிரித்தால் தெரிகிறதாம், போட்டோவில் விழுமாம். மறைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கெட்டிப்பட்ட வேரின் மேல் எதையாவது ஒட்டினால் புது விளிம்பு உண்டாகும், அங்கே படலம் சேரும். அதனால் யோசித்தேன். ஆனால் ஒரு வருஷமாகத் துலக்கிக் காட்டியவர் அவர். பற்களைக் காப்பாற்றியது சிரிப்பதற்கும்தான். மெல்லிய பூச்சாகப் பல் நிற அயனோமர் வைக்கலாம் என்றேன்.

ஒட்டுவதற்காக மேற்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்க வைர முனையைக் கறுப்பின் மேல் வைத்தேன். மெத்தென்ற வேர் என்றால் முனை சத்தமில்லாமல் உள்ளே இறங்கும், ஈரத் தூள் கிளம்பும். இது இறங்கவில்லை. கீச்சென்று சத்தம் போட்டு வழுக்கியது. கண்ணை மூடிப் படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, "கெட்டியா இருக்குல்ல?" என்றார்.

"கெட்டியா இருக்கும்மா" என்றேன்.